ஒடாஹுஹுவில் சோழனைத் தோண்டிய கதை

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, ஈரத் துண்டைப் பொன்னாடையாகத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னும் நடக்காத பாராட்டு விழாவுக்கு ஏற்புரை பேசிப் பார்த்தான் என்றால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, அதை என்னைப் பற்றித் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். இடம் நியூசிலாந்து, ஆக்லந்து நகரின் தென்பகுதியில் உள்ள ஒடாஹுஹு. குளியலறை என் மைத்துனன் சேகருடையது. துண்டும் அவனுடையதே. உரை மட்டும் என் சொந்தம். "நான் எளியவன். மண் பேசியது, நான் கேட்டேன்" என்று அது தொடங்கும். அந்த இடத்தில் கைதட்டலுக்காகச் சற்று நிறுத்துவேன்.

கைதட்டலுக்குப் பதில் கதவைத் தட்டும் சத்தம் வந்தது. "அத்தான், எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றான் சேகர்.

சேகர் என் மனைவி கோமதியின் ஒரே தம்பி. என்ஜினீயர். கடல்களைத் தாண்டிப் போய் அங்கே ஒரு பழைய மரவீட்டை வாங்கியிருந்தான். தம்பி வீடு வாங்கினால் அக்கா போய்ப் பார்ப்பதுதான் முறை. ஆனால் அக்கா, மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவள். விமானத்துக்கு அவள் எங்கே போவாள்? "நீங்க போயி வீட்டப் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வாங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம்" என்று என்னை அனுப்பினாள். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். மதுரையில் தார் உருகிக்கொண்டிருந்தது, ஆக்லந்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி என் பெட்டியைத் திறந்து, புதுவீட்டு வாசலில் கட்டச் சொல்லி கோமதி கொடுத்த வேப்பங்கொத்தைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார். "இது என்ன?" என்றார். "திருஷ்டி கழிக்க" என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையின்மை இன்னும் கூடியது. பிறகு என் செருப்பைக் கழற்றச் சொன்னார். அடியில் மதுரை மண் ஒட்டியிருந்ததாம். உள்ளே கொண்டுபோய்க் கழுவி, துடைத்து, என் காலடியில் கொண்டுவந்து வைத்தார். நம் ஊரில் ஒரு அரசு அலுவலரின் கவனத்தைப் பெறுவதற்குள் செருப்பே தேய்ந்துவிடும். இங்கே ஒருவர் அதைக் கழுவியே கொடுத்துவிட்டார். வேப்பங்கொத்து மட்டும் திரும்பி வரவில்லை.

வீடு நூறு வயதானது. பலகைச் சுவர், தகரக் கூரை, தரைக்கு மேல் கட்டைகளின்மீது உட்கார்ந்திருந்தது. எங்கள் பக்கமாக இருந்தால் கரையான் ஒரே ஏப்பத்தில் முடித்திருக்கும். இங்கே அதற்கு வெள்ளைச் சாயம் பூசி, மார்ட்கேஜ் போட்டு, ஒரு குடும்பம் நம்பி வாழ்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் மருந்துக்குக்கூட ஒரு சாமி படம் இல்லை. சேகர் கல்லூரி நாளிலிருந்தே நாத்திகன். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டவன். புதுவீட்டில் பால் காய்ச்சினாயா என்று அக்கா தொலைபேசியில் கேட்டபோது, "காபிக்குக் காய்ச்சினேன்" என்று சொன்னவன். அவன் மனைவி வதனி யாழ்ப்பாணத்துப் பெண், ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருவரும் ஒடாஹுஹு பஸ் நிலையத்தில் சந்தித்தார்கள் என்பதற்கு மேல் அந்தக் கல்யாணத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பேசுவதில்லை. எனக்கு வதனியை முதல் நாளே பிடித்துவிட்டது. காலையில் புட்டும் கட்டைச் சம்பலும் மாம்பழ நிறத்தில் ஒரு சொதியும் வைத்து, "வடிவாச் சாப்பிடுங்கோ அண்ணை, வெக்கப்படாதேங்கோ" என்றாள். வெட்கம் என் வயிற்றுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

அந்த வீட்டில் சாமி இருக்க வேண்டிய இடத்தில் தொலைபேசி இருந்தது. வதனியின் தம்பி ரூபன் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். பக்கத்துக் கடைக்குப் போய்ப் பாண் என்கிற ரொட்டி வாங்கி வருவதற்குள் அடையாள அட்டையைப் பல கைகளுக்குக் காட்ட வேண்டிய காலம் அது. நியூசிலாந்துக்கு விசா கேட்டு ஒருமுறை மறுத்துவிட்டார்கள். மறுபடி விண்ணப்பித்து, அடுத்த வாரத் திங்கட்கிழமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "இதுவும் சரிவரேல்லையெண்டால் அவன் திரும்ப ஊருக்குத்தான் போகவேணும்" என்றாள் வதனி, சொதியைக் கிண்டியபடி, என் பக்கம் திரும்பாமல். ஊரில் அப்போது போர். தொலைபேசி அடித்தால் அவள் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். பெரும்பாலும் கம்பளம் விற்கிறவர்கள்.

இப்படி ஒரு கவலை நடந்துகொண்டிருக்கும் வீட்டில் விருந்தாளி எப்படி இருக்க வேண்டும்? அடக்கமாக. நான் அடக்கமாக இருக்கத்தான் ஊர் சுற்றப் போனேன். ஒடாஹுஹு கடைத்தெருவில் சாமோவா நாட்டுப் பெண்கள் தலையில் பூவோடு சேப்பங்கிழங்கு வாங்கினார்கள். ஆட்டிறைச்சி வைத்த 'பை' ஒன்றைக் கடித்து மேலண்ணத்தைச் சுட்டுக்கொண்டேன். பஸ்ஸில் தூங்கி, நகரத்தின் மறுகோடியில் கிளென் ஈடனில் விழித்தேன். இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கியதைப் பார்த்து அதிர்ந்துபோனேன். எங்கள் ஊரில் ஓட்டுநருக்கும் பயணிக்கும் நடுவே அப்படிப்பட்ட உறவு கிடையாது. நானும் சொன்னேன். "நீ தவறான பஸ்ஸில் வந்துவிட்டாய் என்று நினைக்கிறேன்" என்றார் அவர், மிகுந்த கனிவோடு.

அதன்பிறகு தோட்டத்திலேயே இருப்பது என்று முடிவு செய்தேன். வினை வேலிக்கு அந்தப் பக்கம் காத்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் பாரி. வெள்ளைக்காரர், ஓய்வு பெற்ற காப்பீட்டு ஏஜென்ட். முல்லைக்குத் தேர் கொடுத்தவரின் பெயரை வைத்துக்கொண்டு, கொடுப்பதிலும் அவர் குறை வைக்கவில்லை. முதல் நாள் ஒரு வாளி ஃபீஜோவாப் பழம் கொடுத்தார். மறுநாள் ஒரு மெட்டல் டிடெக்டரைக் கொடுத்தார். நீளக் கம்பின் நுனியில் வட்டத் தட்டு, காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன். தட்டைப் புல்லின்மேல் இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு நடந்தால், கீழே உலோகம் இருக்கும் இடத்தில் காதுக்குள் ஒரு பூனை கத்தும். "இந்தப் பகுதியில் அந்தக் காலத்தில் சிப்பாய்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். பழைய வீட்டைச் சுற்றி எது வேண்டுமானாலும் கிடைக்கும்" என்றார். அவருக்குக் கிடைத்த சட்டைப் பித்தான்களைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். பித்தான் பறிபோன சிப்பாய்கள் எப்படிப் போர் செய்தார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

பாரி தேடியது சிப்பாய்களை. நான் தேடியது வேறு ஆளை.

வெலிங்டன் அருங்காட்சியகத்தில் ஓர் உடைந்த வெண்கல மணி இருக்கிறது. அதில் பழைய தமிழ் எழுத்து. மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்ததைப் பாதிரியார் ஒருவர் பார்த்து வாங்கினார். அது எப்படி அங்கே வந்தது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் விமானம் ஏறியிருந்தேன். மணி வந்ததென்றால் கப்பல் வந்திருக்கும். கப்பல் வந்ததென்றால் ஆள் வந்திருப்பான். ஒடாஹுஹு இரண்டு கடல்களுக்கு நடுவே குறுகலான நிலம். மாவோரிகள் படகை இங்கேதான் இழுத்துக் கடந்தார்கள். கடாரம் வரைக்கும் போன சோழன், இன்னும் கொஞ்ச தூரம் போக மாட்டேன் என்றா சொல்லியிருப்பான்? ஆராய்ச்சி இந்தச் சரிவில் இறங்கிவிட்டால் பிறகு பிரேக் பிடிக்காது.

சில நாட்கள் தோண்டினேன். ஆணி, பீர் மூடி, குழாய்த் திருகு, சேகர் தொலைத்த ஸ்பேனர், குதிரை லாடம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பாரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து ஒரு நூற்றாண்டு சொல்வார்.

இந்தச் சமயத்தில் இரண்டு எச்சரிக்கைகள் எனக்கு வந்தன. சேகர் சொன்னான்: "அத்தான், எங்க வேணா தோண்டுங்க. அந்த வடகிழக்கு மூலையில மட்டும் வேண்டாம். தண்ணி பைப் போகுது." அன்று மாலையே, அவன் இல்லாதபோது, வதனி சொன்னாள்: "அண்ணை, அந்த மூலையிலை ரோசா வைச்சிருக்கிறன், வேர் பிடிக்கேல்லை. அதிலை கிண்டாதேங்கோ." அறிவுள்ளவன் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பான். நானும் சேர்த்துத்தான் பார்த்தேன். ஒரே மூலையை இருவரும் வேண்டாம் என்றால், அங்கே இதுவரை ஒருவரும் தேடியிருக்க மாட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை இருவரும் வேலைக்குப் போனதும் நேராக அந்த மூலைக்குப் போனேன். ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் பூனை அப்படிக் கத்தியது, ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். முழங்கை ஆழம்கூட இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு. பாசி பிடித்த குளத்தின் நிறம். விரலால் தேய்த்தேன். கட்டங்கள். கட்டத்துக்குள் எழுத்துகள். தமிழ் எழுத்துகள்.

நான் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அது யந்திரத் தகடு என்பது எனக்கு உடனே தெரிந்தது. அந்த அளவு சுயபுத்தி இருந்தது. கப்பலில் வந்த வணிகன் கரையேறியதும் காவலுக்குப் புதைத்தது என்பது அடுத்த நொடியில் தெரிந்தது. எழுத்துகளின் வளைவுகளைப் பார்த்துப் பதினோராம் நூற்றாண்டு என்று கணித்தேன். அழுக்கு மூடிய எழுத்து எல்லாமே எனக்குப் பழைய எழுத்துதான். சேகரின் வீட்டில் இதைப் புதைக்கக்கூடியவர்கள் ஒருவரும் இல்லை. அவனுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். வேறென்ன நிரூபணம் வேண்டும்?

அடுத்து நான் செய்ததைத் தொல்லியல் துறையினர் படிக்க வேண்டாம். சமையலறையில் வதனியின் புளி டப்பாவைத் திறந்து, ஒரு உருண்டை எடுத்து, உப்புச் சேர்த்து, தகட்டை விளக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்துவிட்டேன். செம்பைக் கண்டால் புளியை எடுப்பது நம் ரத்தத்தில் ஊறியது. ஆயிரம் வருடப் பச்சை நிறம் தொட்டியில் இறங்கிப் போனது. தகடு புதுச் சொம்பு மாதிரி மின்னியது. சோழர் காலத்து வேலைப்பாடு என்றால் வேலைப்பாடுதான் என்று வியந்தேன்.

பாரி வேலி மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். மறுநாள் சனிக்கிழமை, புக்கெகோஹியில் உழுதுபோட்ட ஒரு வெங்காய வயலில் அவருடைய கழகத்தார் கூடித் தேடுவார்களாம். அங்கே எல்லோருக்கும் காட்டிவிட்டு, பத்திரிகையில் ஆள் தெரிந்த ஒரு அம்மாளிடம் படமெடுக்கச் சொல்லிவிட்டு வருவதாகத் தகட்டை வாங்கிக்கொண்டார். பத்திரிகை என்றதும் நான் பெட்டியையே தூக்கிக் கொடுத்திருப்பேன். சேகருக்கும் வதனிக்கும் மூச்சுவிடவில்லை. அச்சில் வந்த பிறகு அவர்கள் அதிரட்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில்தான் அந்தப் பொன்னாடை ஒத்திகை.

சேகர் ஓவர்டைம் பார்க்கப் போய்விட்டான். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இடியாப்பத்தின் முன் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வதனியிடம் முழு உரையையும் நிகழ்த்திவிட்டேன். மணி, கப்பல், சோழன், மூலை, தகடு.

அவள் ஆச்சரியப்படவில்லை. கையிலிருந்த அகப்பையை மேசையில் வைத்துவிட்டு, சன்னல் வழியாக அந்த மூலையைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணை, அது இப்ப எங்கை?"

"பாரிகிட்ட. புக்கெகோஹிக்குக் கொண்டு போயிருக்கார்."

"அது நான் மண்ணுக்குள்ளை தாட்டது" என்றாள்.

நான் கையில் எடுத்த இடியாப்பத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன்.

ரூபனுக்கு முதல் விசா மறுக்கப்பட்டபோது, கொழும்பில் ஒரு கோயில் ஐயரிடம் செய்யச் சொல்லி, அங்கிருந்து வந்த ஒரு தோழியின் சேலை மடிப்புக்குள் அது வதனிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவன் இந்த வீட்டு வாசலில் கால் வைக்கும்வரை ஈசான மூலை மண்ணைவிட்டு அதை எடுக்கக் கூடாது என்று ஐயர் சொல்லி அனுப்பியிருந்தார். சேகருக்குத் தெரிந்தால் சிரிப்பான் என்று, அவன் இல்லாத ஒரு நாளில் புதைத்துவிட்டு மேலே ரோஜாவை நட்டிருக்கிறாள். "திங்கக்கிழமை அவனுக்கு நேர்முகம். நீங்கள் அதைக் கிண்டி எடுத்து, புளி போட்டு மினுக்கி, பேப்பருக்கும் குடுத்திட்டியள்" என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சற்று நன்றாக இருந்திருக்கும்.

"வாங்கோ, காரிலை ஏறுங்கோ."

அந்தப் பயணத்தில் நிலக்காட்சி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பச்சையாக இருந்திருக்கும். வதனி சாலையைப் பார்த்தாள், நான் என் செருப்பைப் பார்த்தேன். புக்கெகோஹிக்குத் திரும்பும் வழியைத் தவறவிட்டு ஒரு மேட்டில் ஏறினோம். 'பம்பாய்' என்று பலகை. சத்தியமாக அந்த மலைக்கு அதுதான் பெயர். வேறொரு நாளாக இருந்தால் இறங்கிப் படம் எடுத்திருப்பேன். பம்பாயில் கார் நின்றுவிட்டது. முன்மூடிக்குள்ளிருந்து ஆவி, இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல்.

சாலையோரக் காய்கறித் தோட்டத்திலிருந்து தலைப்பாகை இல்லாத ஒரு பெரியவர் டிராக்டரில் வந்தார். குஜராத்தி. எங்களைப் பார்த்ததும் இந்தியில் ஆரம்பித்தார். மாணவனாக இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போனவன் நான். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் 'பானி'. அன்று தேவைப்பட்டதும் அந்த ஒன்றுதான். ஒரு குடம் தண்ணீரும், ஒரு பை கேரட்டும் கொடுத்தார். "உங்கள் மனைவி மிகவும் கவலையாக இருக்கிறார்" என்றார் ஆங்கிலத்தில். "மைத்துனன் மனைவி. அவள் கவலை நான்தான்" என்றேன். புரிந்ததுபோல் தலையாட்டினார். அவருக்கும் மைத்துனர்கள் இருந்திருக்கலாம்.

வெங்காய வயலில் மழைக்கோட்டு போட்ட ஏழெட்டுப் பேர் காதில் ஹெட்போனோடு, குனிந்த தலை நிமிராமல், தொலைத்த பாவத்தைத் தேடுவதுபோல் நடந்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற வண்டியின் முன்மூடியில் கம்பளித் துணி விரித்து, அதன்மேல் தகடு. பக்கத்தில் தேநீர்க் குடுவை. மார்கரெட் என்ற அம்மாள் அதை எல்லாப் பக்கமும் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"குதிரைச் சேணத்தின் அலங்காரம்" என்றார் ஒல்லியான ஒருவர்.

"சீனத் தோட்டக்காரர்களுடைய தேநீர் டப்பாவின் மூடி" என்றார் மார்கரெட்.

"இல்லை, ஆயிரம் வருடம். என் நண்பர் நிபுணர்" என்றார் பாரி. அப்போதுதான் நிபுணரைப் பார்த்தார். "அதோ, அவரே வந்துவிட்டார்."

வதனி கணுக்கால் சேற்றில் நடந்து போய்த் தகட்டின்மேல் கையை வைத்தாள். "இது என்னுடையது" என்றாள் ஆங்கிலத்தில்.

"உண்மைதான், உங்கள் நிலத்தில் கிடைத்ததால்..." என்று பாரி ஆரம்பித்தார்.

"நிலத்தில் கிடைத்ததால் இல்லை. நான் புதைத்தேன். போன வருடம்."

எல்லோரும் ஹெட்போனைக் கழற்றினார்கள். பாரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை வர்ணிக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஏன் புதைத்தீர்கள்?" என்று மார்கரெட் கேட்டார்.

"என் தம்பிக்காக."

"மன்னியுங்கள். அவர் இறந்துவிட்டாரா?"

"இல்லை" என்றாள் வதனி. "இறந்துவிடக் கூடாது என்றுதான்."

பாரி தொப்பியைக் கழற்றினார். தகட்டைத் தன் கைக்குட்டையில் சுற்றி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். இரண்டு கையால் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. மார்கரெட் காமிராவின் பின்பக்கத்தைத் திறந்து, பிலிம் சுருளை வெளிச்சத்தில் நீளமாக இழுத்துவிட்டார். "இதில் என் பேத்தியின் பிறந்தநாளும் இருந்தது. பரவாயில்லை, அவளுக்கு அடுத்த வருடமும் பிறந்தநாள் வரும்" என்றார். பிறகு எனக்கு ஸ்கோன் என்ற சின்ன ரொட்டி ஒன்று கொடுத்தார். நிபுணர்களை அவமதிக்கும் பழக்கம் அந்த நாட்டில் இல்லை.

திரும்பும்போது எங்கள் திட்டம் எளிமையானது. சேகர் வருவதற்குள் புதைத்துவிடுவது. காரை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தால், ஈசான மூலையில் சேகர் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். நான் அரைகுறையாக மூடிய குழியை ஒழுங்காக வெட்டி, மண்ணை ஒருபக்கம் குவித்திருந்தான். ரோஜாவை வேரோடு எடுத்து ஒரு வாளியில் வைத்திருந்தான்.

"கிடைச்சுதா?" என்றான்.

வதனி கைக்குட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள். "என்ன?"

"தகடு."

"உங்களுக்கு... தெரியுமோ?"

"தண்ணி பைப் போடத் தோண்டினப்பவே பாத்தேன். மூடிட்டேன்."

"அப்ப பைப்?"

"அந்தா, அந்தப் பக்கமா வளைச்சுக் கொண்டு போயிருக்கேன். அதுக்குத்தான் கூடுதலா ரெண்டு எல்போ ஜாயின்ட் வாங்கினது."

அங்கே பைப் போவதாக நீதானே என்னிடம் சொன்னாய் என்று நான் முனகினேன். "அத்தான், அங்க பைப் இருந்திருந்தா நீங்க தோண்டின தோண்டலுக்கு இப்ப நீச்சல் குளம் இருக்கும்" என்றான்.

வதனி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ எனக்குச் சொன்னியா?"

"சொன்னால் சிரிப்பியள் எண்டு."

"சிரிச்சிருப்பேன்" என்றான் சேகர். "அதனாலதான் பாத்த மாதிரி காட்டிக்கல." கொஞ்ச நேரம் மண்வெட்டியின் விளிம்பில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினான். "எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனா ரூபன் வரணும்ல."

ஒரு நாத்திகன் யந்திரத்துக்கு வழிவிட்டுக் குழாயை வளைத்தான் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சோழன் வந்தான் என்பதை நம்பிய அளவுக்குக்கூட இதை நம்ப முடியவில்லை.

வதனி குழியருகே மண்டியிட்டாள். தகட்டைப் பிரித்தாள். பிறகு அண்ணாந்து என்னைக் கேட்டாள்: "அண்ணை, எடுக்கேக்கை எந்தப் பக்கம் மேலை இருந்தது? எனக்கு நினைவில்லை. ஐயர் சரியாச் சொல்லிவிட்டவர்."

தொல்லியலில் ஒரு பொருளைவிட, அது கிடந்த விதம்தான் முக்கியம். எல்லாப் புத்தகங்களும் இதைத்தான் முதல் பக்கத்தில் சொல்கின்றன. எனக்கு என்ன ஞாபகம் இருந்தது? நான் மண்ணில் உட்கார்ந்தது ஞாபகம் இருந்தது. பாராட்டு விழா ஞாபகம் இருந்தது. தகடு எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பது மட்டும் இல்லை.

சேகர் தகட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "செங்குத்தா நிறுத்திடு. ரெண்டு பக்கமும் வேலை செய்யட்டும்" என்றான்.

செங்குத்தாக நிறுத்தி மூடினோம். ரோஜாவை மேலே வைத்தோம். வேலிக்கு மேல் பாரியின் தலை தெரிந்தது, வெறுந்தலை. "ஏதாவது சொல்லணுமா?" என்று சேகர் வதனியிடம் கேட்டான். ஐயர் சொன்ன மந்திரம் அவளுக்கு மறந்துவிட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள், படித்தவன் என்று. என் வாயில் வந்து நின்றதெல்லாம் "மண் பேசியது, நான் கேட்டேன்" என்பதுதான். வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ரூபன் நேர்முகத்துக்குப் போனான். என்ன கேட்டார்கள் என்றே புரியவில்லை என்று அன்றே தொலைபேசியில் சொன்னான். அடுத்த நாட்களில் அந்த வீட்டில் எவரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான்கூட ஒரு பிடி புட்டைக் குறைத்துக்கொண்டேன். கருவியைப் பாரியிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் எனக்கு ஒரு சிப்பாய்ப் பித்தானைப் பரிசளித்தார். "இது நிஜமாகவே பழையது" என்றார். வஞ்சம் இல்லாமல்தான் சொன்னார். புதன்கிழமை வதனி விமான நிலையம்வரை வந்து, "அண்ணை, மனசிலை வைச்சுக்கொள்ளாதேங்கோ" என்றாள். அவள் கண் என்மேல் இல்லை. வீட்டுத் தொலைபேசி அடிக்கிறதோ என்ற நினைவில் இருந்தது.

நான் மதுரைக்கு வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது சேகரின் தொலைபேசி வந்தது. விசா கிடைத்துவிட்டது. நான் விமானத்தில் ஏறிய அன்றே கொழும்பிலிருந்து சேதி வந்திருக்கிறது. பின்னணியில் வதனி அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது. மானம் ஓரளவு மீண்டதுபோல் இருந்தது. கோமதியிடம் தொடக்கத்திலிருந்து முழுக்கதையையும் சொன்னேன். கிடந்த தகட்டை நிமிர்த்தி வைத்ததால்தான் காரியம் பலித்தது, ஒருவகையில் அதற்கு மூலகாரணம் தோண்டி எடுத்த நான்தான் என்று முடித்தேன்.

கோமதி மோரை என் இலையில் ஊற்றினாள். "தகடு நிமுந்து நின்னதுமில்ல, படுத்துக் கெடந்ததுமில்ல" என்றாள். "நீங்க அந்த வீட்ட விட்டு வெளிய போயிருக்கீய, விசா உள்ள வந்திருக்கு."